சந்தாவும் மானியமும்

நம் தமிழ்ச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. காகித விலை ஏறிவிட்டது, அச்சுக்கூலி ஏறிவிட்டது, பொங்கல் விழாவுக்கு மண்டபமும் ஒலிபெருக்கியும் அமர்த்தும் செலவும் ஏறிவிட்டது. உறுப்பினர் சந்தா மட்டும் ஏறவில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்ப அரசாங்க மானியம் கேட்டால் என்ன என்றனர் சிலர். கேட்கவே கூடாது என்றனர் வேறு சிலர். இரு சாராரும் உரக்கவே பேசினர். ஆனால் மானியம் என்பது எப்படி வருகிறது, எதற்காக வருகிறது, வந்தபின் ஒரு சங்கத்தை என்ன செய்கிறது என்பதை எவரும் விளக்கவில்லை. அதனை என்னால் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நான் தங்கியிருக்கும் சாந்த்ராகாச்சியே தக்க பாடசாலை. ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில், ஹவுரா மாவட்டத்தில் உள்ள இவ்வூரைச் சென்னைக்கு இரயிலேறும் இடமாகவே நம்மவர் பலர் அறிவர். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் வந்திறங்கும் ஏரிக்கும், சேனைக்கிழங்குக்கும் பேர்போன ஊர் என்பதைச் சிலரே அறிவர். இரயில் நிலையத்தை விட்டுத் தெருக்களுக்குள் நுழைந்தால் கண்ணில் படுவது சங்கங்கள். 'பாரா' என்று வங்காளிகள் அழைக்கும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் ஒரு சங்கம் உண்டு. ஓர் அறை, ஒரு கேரம் பலகை, சுவரில் நேதாஜியின் படம், மூலையில் கால்பந்து, அவ்வளவுதான் சொத்து. ஆனால் அந்தச் சிறு அறையிலிருந்துதான் இரத்ததான முகாம் நடக்கும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆள் கிடைக்கும். ஐப்பசிக்கு முன்னும் பின்னுமாகத் துர்கா பூசையும் எழும்.

சந்தாவின் கதை

பூசைக்குப் பணம் வந்த வழியை முதலில் பார்ப்போம். பழங்காலத்தில் துர்கா பூசை ஜமீன்தார்களின் வீட்டு விழா. ஊரார் விருந்தினராக வந்து போவர். ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து, ஊராரிடம் பணம் திரட்டித் தாமே ஒரு பூசையை நடத்தினர் என்பர். அது 1790-இல் நடந்தது என்று பரவலாகக் கூறப்படுகிறது. வங்காளியில் 'பாரோ' என்றால் பன்னிரண்டு. 'யார்' என்றால் நண்பன். பொதுமக்கள் கூடி நடத்தும் பூசைக்குப் 'பாரோயாரி' என்னும் பெயர் இதனால் வந்தது என்பர்.

அன்று தொடங்கியது வீடு வீடாகத் தண்டும் பணம். அதற்கு வங்காளிகள் வழங்கும் பெயர் 'சாந்தா'. நம் சந்தாவும் அதுவும் ஒரே சொல்தான். சந்தாவில் ஒரு சிறப்பு உண்டு. பத்து ரூபாய் கொடுத்தவரும் பந்தலுக்கு வந்து, "விளக்குக்கு இவ்வளவு ஏன் ஆயிற்று?" என்று பொருளாளரைக் கேட்கலாம். அதில் தொல்லையும் உண்டு. பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வரும் இளைஞர் கூட்டத்தைக் கண்டு கதவைச் சாத்திக்கொள்பவர்களும், வேண்டாவெறுப்பாகக் கொடுப்பவர்களும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

செலவோ ஏறிக்கொண்டே போகிறது. மூங்கில், துணி, கயிறு, வைக்கோல், களிமண், சிலை செய்பவரின் கூலி, 'டாக்' என்னும் பெருமுரசு கொட்டுவோரின் கூலி, மின்சாரம் ஆகிய எதுவும் சென்ற ஆண்டு விலையில் இந்த ஆண்டு கிடைப்பதில்லை. எங்கள் தெருச் சங்கத்தில் பல்லாண்டுகளாகக் கணக்கு எழுதிவரும் பெரியவர் ஒருவரிடம், "தாதா, எந்தச் செலவு உங்களை அதிகம் வருத்துகிறது?" என்று ஒருமுறை கேட்டேன். "விலை ஏறுவதைத் தாங்கிக்கொள்ளலாம், தம்பி. பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். புதிதாகக் குடிவருபவர்களுக்கு எங்களைத் தெரியாது. சந்தா கேட்கும் கதவு குறைந்துவிட்டது, அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றார். எனவே சங்கத்தின் துன்பம் இரண்டு. செலவு ஏறுகிறது, கொடுப்போர் வட்டம் சுருங்குகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் கைகொடுத்த விதம்

2018-ஆம் ஆண்டில் மேற்கு வங்காள அரசு, பூசைக் குழு ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 அளிப்பதாக அறிவித்தது. குழுக்கள் 28,000, மொத்தச் செலவு ரூ. 28 கோடி. 2019-இல் தொகை ரூ. 25,000 ஆயிற்று, 2020-இல் ரூ. 50,000, 2022-இல் ரூ. 60,000, 2023-இல் ரூ. 70,000, 2024-இல் ரூ. 85,000, 2025-இல் ரூ. 1,10,000. இதனுடன் மின்கட்டணச் சலுகையும் வளர்ந்தது. 2020-இல் பாதிக் கட்டணம் தள்ளுபடி. 2024-இல் முக்கால் பங்கு. 2025-இல் நூற்றுக்கு எண்பது பங்கு. 2024-இல் ஏறத்தாழ 43,000 குழுக்கள் இதற்கு உரியனவாக இருந்தன. அவ்வாண்டுச் செலவு சுமார் ரூ. 365 கோடி.

அரசின் பக்கத்து நியாயத்தையும் கூறவேண்டும். பூசை வெறும் வழிபாடு அன்று. சிலை செய்வோர், பந்தல் கட்டுவோர், விளக்கு அமைப்போர், நெசவாளர் எனப் பலருடைய பிழைப்பு அதில் அடங்கியுள்ளது. 2019-ஆம் ஆண்டுப் பூசையை ஒட்டிய கலைத்தொழில்களின் மதிப்பு ரூ. 32,377 கோடி என்று பிரிட்டிஷ் கவுன்சில் முன்னின்று நடத்திய ஆய்வொன்று மதிப்பிட்டது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொல்கத்தாவின் துர்கா பூசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இத்தகைய ஒன்றுக்கு அரசு உதவுவதில் வியப்பில்லை என்பர் மானியத்தை ஆதரிப்போர்.

இப்படிக் கொடுக்க அரசுக்கு உரிமை உண்டா? அரசியலமைப்பின் 282-ஆம் பிரிவு, பொது நோக்கம் எதற்கும் மத்திய அரசோ மாநில அரசோ மானியம் தரலாம் என்கிறது. 27-ஆம் பிரிவோ, ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேதான் வழக்குகள் நடந்தன. 2018 அக்டோபரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், அரசின் செலவை ஆராயத் தக்க இடம் சட்டமன்றமே என்று கூறி வழக்கைத் தள்ளியது. உச்சநீதிமன்றமும் தடை விதிக்க மறுத்து, அரசிடம் விளக்கம் கேட்டது. அப்போது அரசு கூறிய காரணத்தைக் கவனிக்க வேண்டும்: பணம் பூசைக்கு அன்று, சாலைப் பாதுகாப்புப் பிரசாரத்துக்கும், போலீசாருக்கும் பொதுமக்களுக்கும் உள்ள நல்லுறவுக்குமே என்றது.

2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் வழக்கு மீண்டும் வந்தது. மானியத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை முகக்கவசம், கிருமிநாசினி முதலியவற்றுக்கும், எஞ்சிய இருபத்தைந்தைப் போலீஸ்–பொதுமக்கள் நல்லுறவுக்கும் செலவிட்டு, அதற்குரிய ரசீதுகளைத் தரவேண்டும் என்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2025-இல், முன்பு பெற்ற தொகைக்குக் கணக்குத் தராத குழுக்களுக்கு மேலும் மானியம் தரலாகாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

ஏறியது எது?

இங்கே நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018-இல் ரூ. 10,000; 2025-இல் ரூ. 1,10,000. ஏழு ஆண்டுகளில் பதினொரு மடங்கு. இதே ஏழு ஆண்டுகளில் இந்திய நாட்டில் விலைவாசி இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆகவே செலவு ஏறியதால் மானியம் ஏறியது என்று சொல்வதற்கில்லை. வேறு எதுவோ அதை ஏற்றியது. ஏற்றிய கை விரும்பினால் இறக்கவும் செய்யலாம்.

இன்னொன்று: தொகை எல்லாருக்கும் ஒன்றே. பல பத்து இலட்சம் செலவிடும் நகரத்துப் பெரும் பந்தலுக்கு இது யானை வாய்க்குக் கவளம். எங்கள் சந்துக்குள் நடக்கும் பூசைக்கோ அதுவே பெரும்பங்கு. உதவி மிகவும் தேவைப்படுவது சிறிய சங்கத்துக்கே. அதை மிகவும் சார்ந்துவிடுவதும் அச்சிறிய சங்கமே.

சார்ந்துவிடுவதால் வரும் கேடு என்ன என்பது 2024-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. ஹூக்ளி மாவட்டத்து உத்தரபாரா முதலிய இடங்களில் சில குழுக்கள், கண்டனத்தின் அடையாளமாக ரூ. 85,000 மானியம் வேண்டாம் என்றன. அவர்கள் செய்தது சரியா, தவறா என்பது அவரவர் கருத்து. நான் சொல்ல வருவது அதுவன்று. வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு குழுவுக்குக் கையில் சந்தா இருந்திருக்க வேண்டும். சந்தாவைக் கைவிட்டுவிட்ட குழு ஒன்று, மனத்தில் அதே எண்ணம் கொண்டிருந்தாலும், வாய் திறந்து சொல்ல இயலாது.

ஏறாத மானியம்

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு நம் தென்கோடியில் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. அங்குள்ள கோயில்களைப் பேணுவதற்காக ஆண்டுதோறும் ரூ. 13,50,000 தரவேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். 290-அ என்னும் பிரிவு அது. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு ரூ. 46,50,000 என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இதைவிட உறுதியான மானியம் உலகில் இருக்குமா? எந்த அமைச்சரின் தயவும் வேண்டியதில்லை; எந்த ஆண்டும் நில்லாது. ஆனால் எண்ணைப் பாருங்கள். 1956-இல் பதின்மூன்றரை இலட்சம். இன்றும் அப்பிரிவில் உள்ள எண் அதுவே. இடையில் எண்ணெயும் அரிசியும் பல பத்து மடங்கு விலை ஏறிவிட்டன. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் பணத்தின் மதிப்புப் பாதியாகிவிடும். கல்லில் செதுக்கிய தொகை, கல்லாகவே இருந்து தேய்கிறது. வங்காளத்து மானியம் செலவைவிட விரைந்து ஓடுகிறது. கன்னியாகுமரி மானியம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. செலவை அளந்து, அதனோடு நடப்பது இரண்டில் ஒன்றும் இல்லை.

மூன்று வழிகள்

அப்படியானால் செலவோடு சேர்ந்து நடக்கும் மானியம் உண்டா? மூன்று முயற்சிகளைக் கூறலாம்.

முதலாவது, முதல் வைத்து வட்டியால் நடத்துவது. தமிழ்நாட்டில் வருவாயற்ற சிறு கோயில்களுக்கு 'ஒரு கால பூசைத் திட்டம்' என ஒன்று உண்டு. கோயிலின் பெயரில் ஒரு தொகையை முதலீடு செய்து, அதன் வட்டியில் நாள்தோறும் ஒருவேளைப் பூசை நடத்துவது அதன் முறை. 2022-இல் அரசு 12,959 கோயில்களுக்கு அந்த முதலை ரூ. 1 இலட்சத்திலிருந்து ரூ. 2 இலட்சமாக உயர்த்த ரூ. 129.59 கோடி அளித்தது. வட்டி நூற்றுக்கு ஆறு எனக் கொண்டால் ஆண்டுக்கு ரூ. 12,000, நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய். எண்ணெயும் பூவும் ஒருபிடி அரிசியும் வாங்க அது எந்த அளவுக்குக் காணும் என்பதை நம் வீட்டுத் தாய்மார்கள் சொல்வார்கள். எனினும் இதில் ஒரு நன்மை இருக்கிறது. ஆண்டுதோறும் கை நீட்ட வேண்டியதில்லை. குறை, அவ்வப்போது முதலை உயர்த்தாவிட்டால் இதுவும் தேயும் என்பது.

இரண்டாவது, செலவைக் காட்டிப் பெறுவது. 2023 மார்ச்சில் இங்கிலாந்து நாட்டு அரசு, அறநிலையங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் விலைவாசித் துன்பத்தைத் தணிக்கப் பத்துக் கோடி பவுனுக்கு மேல் ஒதுக்கியது. அதில் 7.6 கோடி பவுனைத் தேசிய லாட்டரிச் சமூக நிதி என்னும் அமைப்பின் வழியாக வழங்கினார்கள். உணவு, உறைவிடம், குளிருக்கு ஒதுங்க இடம், கடன் பற்றிய ஆலோசனை ஆகியவற்றை ஏழைகளுக்கு ஏற்கெனவே அளித்துவரும் சங்கங்களே கேட்கலாம். நாடி வருவோர் தொகையும் பெருகியிருக்க வேண்டும், செலவும் ஏறியிருக்க வேண்டும், இரண்டையும் காட்டவேண்டும். கிடைப்பது 10,000 பவுன் முதல் 75,000 பவுன் வரை. தேவைக்கேற்ற அளவு என்பதால் இது நேர்மையான முறை. ஆனால் 2024 மார்ச்சுக்குள் செலவிட்டு முடிக்க வேண்டும் என்பது விதி. உதவி முடிந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. அதே திட்டத்தின் இன்னொரு பகுதியே என்னை மிகவும் கவர்ந்தது. சுமார் இரண்டரைக் கோடி பவுனைச் சங்கக் கட்டடங்களின் மின்செலவையும் வெப்பச் செலவையும் குறைப்பதற்கான ஆய்வுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கினார்கள். இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிக் கொடுப்பதைவிட, இனிவரும் ஆண்டுகளின் கட்டணத்தையே குறைத்துக் கொடுப்பது மேலன்றோ?

மூன்றாவது, நம் நாட்டில் பிறந்தது. 1956-இல் சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் ஊரார் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும்தான் தொடங்கியது. காமராசர் முதலமைச்சர், கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1957-இல் அரசு மானியம் தர முன்வந்தபோது செலவு முழுவதையும் ஏற்கவில்லை. உணவுச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு தந்தது. நாற்பது பங்கை ஊரார் தரவேண்டும் என்றது. சாப்பிடும் பிள்ளைகள் கூடினால் மானியமும் கூடும். ஊரார் கையை விட்டுப் பொறுப்புப் போகாது. இதிலும் குறை இல்லாமல் இல்லை. நாற்பது பங்கைத் தரவியலாத ஏழை ஊர்களே, உணவு மிகுதியும் வேண்டிய ஊர்கள். 1982-இல் வந்த சத்துணவுத் திட்டத்தில் அரசே பொறுப்பை ஏற்றது. பசித்த பிள்ளையின் சோறு ஊராரின் வள்ளன்மையை நம்பி இருக்கலாகாது. அங்கே அரசு முழுச் செலவையும் ஏற்பதே முறை. ஆனால் விழாவும் இதழும் நடத்தும் சங்கத்தின் நிலை அதுவன்று.

நம் சங்கம் செய்யத்தக்கது

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, மானியம் நல்லதா தீயதா என்னும் கேள்வியே சரியான கேள்வி அன்று என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த மானியத்தைப் பற்றியும் நான்கு கேள்விகள் கேட்கலாம். இது எந்தச் செலவுக்கு என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறதா? அந்தச் செலவு ஏறினால் இதுவும் ஏறுமா? நம் பங்கு என ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா? நாளை இது நின்றுவிட்டால் நாம் நிற்போமா?

பணம் எங்கிருந்து வருகிறதோ, கணக்கும் அங்கேதான் போகும். சந்தாவில் நடக்கும் சங்கத்தின் பொருளாளர் உறுப்பினர் முகத்தைப் பார்த்து நிற்பார். மானியத்திலேயே நடக்கும் சங்கத்தின் பொருளாளர், சான்றிதழ் கேட்கும் அலுவலகத்தைப் பார்த்து நிற்பார். அலுவலகத்துக்குக் கணக்குக் காட்டுவது இழிவன்று. பொதுப்பணம் பெற்றவன் காட்டியே தீரவேண்டும். ஆனால் அதனால் உறுப்பினரை மறந்துவிடுவது கூடாது. எங்கள் தெருப் பெரியவர் கூறிய இரண்டாவது துன்பம், அதாவது கொடுப்போர் வட்டம் சுருங்குவது, எந்த மானியத்தாலும் தீராது. மானியம் வந்தால் கதவு தட்டும் வேலை மிச்சம் என்று நினைத்தோமானால் அத்துன்பம் பெருகவே செய்யும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவின் முன் நான் வைக்க விரும்புவது இது. இதழின் அச்சுச் செலவும் அஞ்சற் செலவும் உறுப்பினர் சந்தாவிலிருந்தே வரட்டும். அதற்கேற்பச் சந்தாவை உயர்த்துவோம். இயலாத மாணவருக்குப் பாதியாக்குவோம். இதழ் நம் குரல். அதன் செலவை நாமே ஏற்போம். பொங்கல் விழாவுக்கு மண்டபம், மின்சாரம், ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பணமாகக் கேளாமல், பல்கலைக்கழகத்திடம் பொருளாகவும் இடமாகவும் கேட்போம். மண்டப வாடகை எவ்வளவு ஏறினாலும் மண்டபம் மண்டபமே. விலைவாசியால் தேயாத உதவி அது. அரசாங்கத்திடம் பணமாகவே கேட்பதானால், புத்தகங்கள் வாங்குவது போல ஒருமுறை செலவிட்டு நெடுங்காலம் பயன்தருவனவற்றுக்குக் கேட்போம். நாம் ஒரு பங்கு போட்டு, மீதியைக் கேட்போம்.

கடைசியாக ஒன்று. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் இவ்விதழிலேயே ஒரு பக்கத்தில் அச்சிடுவோம். மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் இதை இவ்வாண்டே தொடங்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு பக்கக் காகிதமே.